க்யூட்டிகிள் ரிமூவர், க்யூட்டிகிள் க்ரீம்: எதை எப்போது போட வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும்?

ஈரோடு_மஞ்சள் கேட்டது:

வணக்கம் அக்காமார்களே, தோழிகளே. வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு பார்லர் வைத்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று மாத கோர்ஸ் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன், ஆனால் அங்கே த்ரெடிங், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் இவற்றுக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசிகூட மெனிக்யூருக்குக் கொடுக்கவில்லை, இரண்டு நாளில் முடித்துவிட்டார்கள். "க்ரீமோ ரிமூவரோ எல்லாம் ஒன்றுதான், கையில் இருப்பதைப் போடு" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

என்னிடம் இப்போது மூன்று சாமான் இருக்கின்றன. டப்பாவில் வெள்ளையாக க்யூட்டிகிள் க்ரீம், மூக்கு நீண்ட பாட்டிலில் தண்ணீர் மாதிரி க்யூட்டிகிள் ரிமூவர், பிரஷ் வைத்த சின்ன பாட்டிலில் பாதாம் எண்ணெய். நான் செய்யும் முறை இது: பழைய பாலிஷை எடுத்துவிட்டுக் கையை வெந்நீரில் ஊறவைத்துத் துடைப்பேன், பத்து விரலுக்கும் க்ரீம் தடவி அதன் மேலேயே ரிமூவரையும் விடுவேன், அப்புறம் ஒவ்வொரு விரலாக நகத்தடித் தோலைப் புஷரால் தள்ளி, நிப்பரால் சுற்றிலும் வெட்டுவேன். ஈரத் துணியால் துடைப்பேன். நகத்தை ஃபைல் செய்து, எண்ணெய் தடவி மசாஜ் செய்து, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு பாலிஷ் போடுவேன்.

போன வாரம் வழக்கமாக வரும் ஒரு அக்கா, மெனிக்யூர் முடிந்து நாலாம் நாள் திரும்ப வந்தார். மோதிர விரலில் நகத்தின் அடி சிவந்து வீங்கி, தொட்டாலே துடிக்கிறது என்றார். சண்டை போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவருடைய மாமியார் எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகி வைத்திருந்தாராம், எரிச்சல் தாங்காமல் எடுத்துவிட்டாராம். இது போக, நான் போடும் பாலிஷ் இரண்டே நாளில் ஏடு மாதிரி உரிகிறது என்று நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். என் விரல் நுனிகளும் காய்ந்து வெடித்திருக்கின்றன, புளி கரைக்கும்போது உயிர் போகிறது.

நான் எங்கே தப்பு செய்கிறேன்? பாட்டிலில் ஒரு நிமிஷத்துக்கு மேல் விடாதே என்று போட்டிருக்கிறது, அதைத் தாண்டுகிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.


பவளமல்லி:

தங்கச்சி, இதில் கோபிக்க என்ன இருக்கிறது, கேட்டீர்களே அதுவே பெரிது. நான் கோவையில் பதினான்கு வருஷமாக நகவேலை மட்டும் செய்கிறேன், கூடவே சொல்லியும் கொடுக்கிறேன்.

முதலில் அந்த ஒரு நிமிஷக் கணக்கைப் பார்ப்போம். பத்து விரலுக்கும் ஒரே மூச்சில் ரிமூவர் விட்டுவிட்டு, ஒரு விரலைத் தள்ளி வெட்டி முடிக்க உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒன்பதாவது பத்தாவது விரலுக்கு நீங்கள் வரும்போது அது எட்டு ஒன்பது நிமிஷம் ரிமூவரில் கிடந்திருக்கும். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் ஒவ்வொரு விரலுக்குமானது. வீங்கியது எந்தக் கை மோதிர விரல் என்று சொல்லவில்லையே, நீங்கள் எந்தக் கையில் ஆரம்பிப்பீர்கள்? கடைசியில் தொடும் கையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

க்ரீமும் ரிமூவரும் ஒன்று என்று சொல்லிக்கொடுத்தது சுத்தத் தவறு. க்ரீமில் இருப்பது லனோலின், தேன்மெழுகு, ஷியா பட்டர், கிளிசரின் மாதிரி சாமான்கள். அது தோலை மிருதுவாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும், ராத்திரி முழுக்கத் தடவி வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ரிமூவரில் பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ சோடியம் ஹைட்ராக்சைடோ இருக்கும், அதாவது காரம், அமிலத்துக்கு எதிரானது. நகத்தின் மேல் ஒட்டிக்கிடக்கும் செத்த தோலை அது இளக்கிக் கூழாக்கும். செத்ததைத் தின்று முடித்ததும் தானாக நின்றுவிடாது, கழுவுகிற வரைக்கும் பக்கத்தில் இருக்கும் நல்ல தோலையும் சேர்த்து இளக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் க்ரீமை அடியில் போட்டு ரிமூவரை மேலே விடும்போது க்ரீமின் எண்ணெய்ப் பசை குறுக்கே நிற்கிறது, ரிமூவர் போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போவதில்லை, சரியாக வேலை செய்யவில்லையே என்று நீங்கள் இன்னும் இரண்டு சொட்டு விடுவீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் வைப்பீர்கள். இரண்டையும் ஒன்றாகப் போடவே போடாதீர்கள்.

அடுத்து, எதை எடுக்க வேண்டும் என்பது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். நகத்தின் அடியில் வளையமாக, தடிப்பாக, ரோஸ் நிறத்தில் ஒரு தோல் மடிப்பு தெரிகிறதே, அது உயிருள்ள சதை. அதை நாம் எடுக்கக் கூடாது. அந்த மடிப்பின் உள்பக்கத்திலிருந்து கழன்று, நகம் வளர வளர அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு முன்னால் வருகிற மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று உண்டு, வெங்காயச் சருகு மாதிரி, வெளிச்சத்தில் கையைச் சாய்த்துப் பார்த்தால் நகத்தின் மேல் மங்கலாகத் தெரியும். அதுதான் க்யூட்டிகிள், அது செத்தது, ரிமூவர் அதற்காகத்தான். அந்த மடிப்பும் படலமும் சேர்ந்துதான் நகத்துக்கும் சதைக்கும் நடுவில் உள்ள இடுக்கை அடைத்து வைத்திருக்கின்றன, தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாமல். சுற்றிலும் நிப்பரால் வெட்டும்போது அந்த அடைப்பை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். அதற்குள் ரிமூவர் மிச்சமும் இருக்கிறது, ஈரத் துணியால் துடைத்தால் அது போகாது, பரவத்தான் செய்யும். அப்புறம் அந்த அக்கா வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்திருப்பார். நகச்சுத்தி வர இது போதும்.

நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். இரண்டு பேர் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பழைய பாலிஷை எடுப்பேன். நகம் காய்ந்திருக்கும்போதே ஃபைல் செய்துவிடுவேன், ஊறிய நகம் மெத்தென்று இருப்பதால் ஃபைல் போட்டால் நுனி பிரியும். தோல் ரொம்ப வறண்டு இறுகியிருந்தால் மட்டும் ஸ்பேட்டுலாவால் கொஞ்சம் க்ரீம் எடுத்துத் தடவி மூன்று நாலு நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிடுவேன். அப்படி க்ரீம் போட்டால் சோப்பால் கழுவி, துடைத்து, காய வைத்த பிறகுதான் ரிமூவரைத் தொடுவேன். ஒரு கை முடித்துத்தான் அடுத்த கை. ஒரு கையிலும் இரண்டு விரல், அதிகம் போனால் மூன்று விரலுக்கு மேல் ஒரே நேரத்தில் விட மாட்டேன். ஒரு நகத்துக்குக் கடுகு அளவு சொட்டு போதும், அதுவும் நகத்தின் மேல், மடிப்பை ஒட்டினாற்போல. நகத்தின் நுனிக்கு அடியில் போகவே கூடாது, அங்கே போய்த் தங்கினால் நகம் சதையை விட்டுக் கிளம்பிக்கொள்ளும். பாட்டிலில் போட்டிருக்கும் நேரத்தைப் போனில் டைமர் வைத்துப் பாருங்கள், சில கம்பெனிக்கு 15 விநாடி, சிலதுக்கு ஒரு நிமிஷம், ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

தள்ளும்போது புஷரைச் செங்குத்தாகப் பிடிக்காமல் நகத்தோடு படுக்கவைத்தாற்போலப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக நகர்த்துங்கள். நகம் உற்பத்தியாகும் இடம் அந்த மடிப்புக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கே அழுத்தினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு மாதம் கழித்து நகத்தில் குறுக்கே பள்ளமாக வரும். கைவிரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவுதான் வளரும், அந்தப் பள்ளம் வெளியேறி முடிக்க அரை வருஷம் ஆகும், அதுவரை அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கை முடிந்ததும் குழாயடியில் சோப்பும் நெய்ல் பிரஷும் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். பாலிஷ் உரிவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ரிமூவர் மிச்சமும், அதன் மேல் நீங்கள் மசாஜ் செய்யும் எண்ணெயும் நகத்தில் இருக்கும்போது பாலிஷ் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? மசாஜ் முடிந்ததும் பஞ்சில் பாலிஷ் ரிமூவர் நனைத்து நகத்தை மட்டும் துடைத்துவிட்டு பேஸ் கோட் போடுங்கள். பாதாம் எண்ணெயோ, எல்லாம் முடிந்து பாலிஷ் காய்ந்த பிறகு, நகத்தைச் சுற்றி ஒரு சொட்டு.

உங்கள் விரலுக்கு நைட்ரைல் கையுறை போடுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு தடவைதான் தொடுகிறார், நீங்கள் நாள் முழுக்கத் தொடுகிறீர்கள்.


ஆய்வகத்தில்_ஒருத்தி:

பவளமல்லி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். படர்தாமரை என்று சந்தேகப்பட்டு டாக்டர் அனுப்பினால், அந்த இடத்துத் தோலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து அதன் மேல் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விடுவோம். கொஞ்ச நேரத்தில் தோலின் கெரட்டின் கரைந்து தெளிவாகிவிடும், பூஞ்சையின் இழைகள் மட்டும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். நகத் துண்டு என்றால் இன்னும் அடர்த்தியாகக் கலக்கி மணிக்கணக்கில் வைக்க வேண்டியிருக்கும். உங்கள் பாட்டிலில் இருப்பதும் பெரும்பாலும் அதே மாதிரிப் பொருள்தான், கம்மி அடர்த்தியில். அது தோலைக் கரைப்பதை தினமும் கண்ணால் பார்ப்பதால் சொல்கிறேன், அந்த நேரக் கணக்கோடு விளையாடாதீர்கள்.

நம் தோலின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 5 பக்கத்தில் இருக்கும், குளிக்கும் சோப்புக் கட்டி 9 அல்லது 10. இந்த மாதிரி ரிமூவர் 12ஐத் தாண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு ஏறும் அளவுகோல் அது.

கழுவியது போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. காரம் பட்ட விரலைத் தேய்த்தால் சோப்பு போட்ட மாதிரி வழவழவென்று இருக்கும், தோலில் உள்ள கொழுப்போடு சேர்ந்து அது நிஜமாகவே சோப்பாகிறது. வெறும் தண்ணீரில் கழுவிக் கழுவி அந்த வழவழப்பு முழுக்கப் போய் விரல் கீச்சென்று பிடிக்கும் வரைக்கும் நிறுத்தாதீர்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ ஊற்ற வேண்டாம், ஓடும் தண்ணீர்தான் மருந்து. கண்ணில் தெறித்தால் அந்த நொடியே குழாயைத் திறந்து குறைந்தது 15 நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எரிச்சல் குறைந்துவிட்டது என்று வீட்டுக்குப் போகக் கூடாது. பாட்டிலை மேஜை விளிம்பில் வைக்காதீர்கள், பார்லருக்குக் குழந்தையோடு வருவார்கள்.

அந்த அக்காவின் விரல் இப்போது எப்படி இருக்கிறது? சீழ் தெரிந்தாலோ சிவப்பு மேலே ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ இன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். சீழ் கட்டியிருந்தால் அதை டாக்டர் கீறி எடுக்க வேண்டும், ஊசி வைத்து வீட்டில் குத்த வேண்டாம். எலுமிச்சம்பழம் எங்கள் பாட்டியும் செருகுவார், ஆனால் ரிமூவரால் மேல்தோல் இளகிப்போன விரலில் அந்தப் புளிப்பு படுவது பச்சைப் புண்ணில் படுவது மாதிரிதான்.


ஈரோடு_மஞ்சள்:

எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பவளமல்லி அக்கா, நான் எப்போதும் வலது கட்டை விரலில் ஆரம்பிப்பேன். அவருக்கு வீங்கியது இடது மோதிர விரல். எண்ணிப் பார்த்தால் ஒன்பதாவது. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவரை நேற்றே தோல் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். சீழ் இன்னும் கட்டவில்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை விரலை முக்கி வைக்கச் சொன்னார்கள். செலவை நான் கொடுத்தேன்.

ஒரே ஒரு கேள்வி. நிப்பரை அடியோடு விட்டுவிட வேண்டுமா? வருகிறவர்களில் பாதிப் பேர் "நன்றாகச் சுற்றி வெட்டி விடுங்கள், அப்போதுதான் சுத்தமாகத் தெரியும்" என்றுதான் கேட்கிறார்கள்.


செம்பருத்தி:

நான் இங்கே வயதில் மூத்தவள், இருபத்திரண்டு வருஷமாகப் பார்லர் நடத்துகிறேன், நிப்பரைக் குப்பையில் போடு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நகத்தோரத்தில் தோல் பிசிறு கிளம்பி நிற்கும் இல்லையா, புடவையில் மாட்டி இழுக்குமே, அதை வெட்டாமல் விட்டால் அவரே பல்லால் கடித்து இழுப்பார், அது உள்சதை வரை கிழித்துக்கொண்டு போகும். அந்தப் பிசிறை அடியில் ஒட்டி, ஒரே வெட்டாக, இழுக்காமல் வெட்ட நிப்பர் வேண்டும். புஷரால் தள்ளிய பிறகு கழன்று தொங்குகிற செத்த படலத்தையும் எடுக்கலாம். வெட்டும்போது அவருக்குச் சுரீர் என்றாலே நீங்கள் உயிருள்ள இடத்துக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

சுற்றிலும் வளையமாக வெட்டுவது வேறு விஷயம். அதை நானும் ஆரம்பத்தில் பல வருஷம் செய்தேன், அப்போது அதுதான் பழக்கம், யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்த வாடிக்கையாளர்கள் சிலர் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார்கள், அவர்கள் விரலைப் பார்த்தால் அந்த மடிப்பு தடித்து, முரடாகி, ஓரம் வெடித்து இருக்கும். வெட்ட வெட்டத் தடித்துத்தான் வளர்ந்தது, தடித்ததால் அடுத்த தடவை இன்னும் வெட்டச் சொன்னார்கள். ஒருவருக்கு மட்டும் வெட்டுவதை நிறுத்தி, தினமும் படுக்கும் முன் க்ரீம் தடவச் சொல்லிப் பார்த்தேன், முதல் மூன்று வாரம் அசிங்கமாகத்தான் இருந்தது, அவருக்குப் பொறுமையே இல்லை. இரண்டு மாதம் கழித்து அந்த விரல்கள் மெத்தென்று ஆகிவிட்டன, ரிமூவர்கூட இப்போது அவருக்கு மாதம் ஒரு தடவைதான் போடுகிறேன். டப்பா க்ரீமின் வேலை அங்கேதான் இருக்கிறது, அன்றைய மெனிக்யூரில் அது செய்வது கொஞ்சம்தான், வீட்டில் தினமும் தடவுவதில்தான் எல்லாம்.

கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்றால், நான் கையைப் பிடித்துக் காட்டிவிடுவேன். இது செத்தது, எடுத்துவிடுகிறேன், இது உயிரோடு இருக்கிறது, வெட்டினால் சீழ் பிடிக்கும். கண்ணால் பார்த்த பிறகு வற்புறுத்தியவர்கள் ரொம்பக் குறைவு.

அப்புறம் நிப்பரை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. டெட்டால் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பதும், நீல விளக்குப் பெட்டிக்குள் வைப்பதும் போதாது, அந்த வெளிச்சம் நிப்பரின் மூட்டுக்குள் போகாது. சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய வைத்து, பிறகு ஆட்டோகிளேவ். அது நம் வீட்டுக் குக்கருக்கு அண்ணன் முறைதான், 15 பவுண்ட் அழுத்தத்தில் 121 டிகிரி வரை போகும். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். ஆட்டோகிளேவ் வாங்கும் வரை நிப்பரைத் தொடாமல், தோலைத் தள்ளும் மரக்குச்சியான ஆரஞ்சு ஸ்டிக்கை மட்டும் வைத்து வேலை செய்யுங்கள், ஒருவருக்கு ஒன்று, முடிந்ததும் அவர் முன்னாலேயே உடைத்துப் போட்டுவிடுங்கள், மரக்குச்சியைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. க்ரீம் டப்பாவுக்குள் விரலை விடாதீர்கள், ஒருவர் விரலைத் தொட்ட ஸ்பேட்டுலாவையும் திரும்ப உள்ளே விடாதீர்கள்.


பவளமல்லி:

செம்பருத்தி அக்கா சொன்ன பிசிறு விஷயத்தில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் ஆறு மாதம் நிப்பரையே கொடுப்பதில்லை. கையில் இருந்தால் வெட்டத்தான் தோன்றும். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியும் க்யூட்டிகிளை வெட்டாதீர்கள் என்றுதான் மக்களுக்குச் சொல்கிறது.


பாரிஸ்_லாசப்பல்:

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், பாரிஸில் நகவேலை செய்கிறேன். இங்கே ஐரோப்பியச் சட்டப்படி க்யூட்டிகிள் ரிமூவரில் இந்தக் காரம் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காரம் உள்ளது, கண்ணில் படக்கூடாது, பார்வை போகலாம், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று பாட்டிலில் கட்டாயம் அச்சடித்திருக்க வேண்டும். முதன்முதலாக அந்த வரியை வாசித்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஒரு நகச் சாமானுக்கு இப்படி எழுதியிருக்கிறார்களே என்று. தங்கச்சி, உங்கள் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருக்கால் பாருங்கள். பொருட்களின் பட்டியலே இல்லாத பாட்டில் என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். காரம் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு லாக்டிக் அமிலமோ யூரியாவோ போட்ட மென்மையான வகையும் வருகிறது, மெதுவாகத்தான் வேலை செய்யும்.

நீங்கள் ஜெல் பாலிஷும் போடுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஜெல்லுக்கு நான் கையைத் தண்ணீரில் ஊறவைப்பதே இல்லை. நகம் தண்ணீரை இழுத்துக் கொஞ்சம் விரியும், அதன் மேல் ஜெல் போட்டு விளக்கில் இறுக்கிவிட்டால், பிறகு நகம் காய்ந்து சுருங்கும்போது ஜெல் ஓரத்தில் கிளம்பத் தொடங்கும். ரிமூவர் மிச்சம் இருந்தாலும் அதே கதைதான். ஆகவே காய்ந்த கையில் ரிமூவர் ஒரு சொட்டு, தள்ளி, உடனே சோப்பும் பிரஷும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் அடுத்த வேலை.

இதைவிடப் பெரிய விஷயம் அலர்ஜி. ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் வகைப் பொருட்கள், இறுகும் முன் தோலில் பட்டால் அலர்ஜியை உண்டாக்கக் கூடியவை. ரிமூவரால் இளகி, நிப்பரால் கீறுபட்ட தோலில் அது பட்டால் இன்னும் சுலபமாக உள்ளே போகும். அந்த அலர்ஜி ஒருமுறை வந்தால் போகாது. பல் டாக்டர் வைக்கும் ஃபில்லிங்கிலும் எலும்பு ஆபரேஷனில் போடும் சிமெண்டிலும் அதே குடும்பத்துப் பொருள் இருக்கிறது, நகத்துக்காக வாங்கிய அலர்ஜி அங்கே வந்து நிற்கலாம். என்னோடு வேலை செய்த ஒரு பிள்ளைக்கு அப்படி வந்து, நன்றாகச் செய்துகொண்டிருந்த இந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டாள். ஆகவே அன்றைக்கு ரிமூவர் போட்ட இடத்தில் தோல் சிவந்திருந்தாலோ ரத்தம் கசிந்திருந்தாலோ அன்று ஜெல் போட மாட்டேன், பத்து நாள் கழித்து வரச் சொல்லிவிடுவேன். காசு போனாலும் பரவாயில்லை.


நடுத்தெரு_வாசகி:

நான் பார்லர்க்காரி இல்லை, போகிறவள். ஒரு வேண்டுகோள் மட்டும். என் அம்மாவுக்குச் சர்க்கரை. அவரை ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனபோது சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. கட்டை விரலில் சின்னதாக வெட்டுப்பட்டு ஆறுவதற்கு ஒன்றரை மாதம் ஆனது, அதுவரை வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கையைத் தொடும் முன் சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, எக்ஸிமா, விரலில் வெடிப்பு இதெல்லாம் உண்டா என்று கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால் ரிமூவரும் நிப்பரும் வேண்டாம், க்ரீம் தடவி மெதுவாக மசாஜ் செய்து பாலிஷ் போட்டு அனுப்பினாலே அம்மாவுக்குச் சந்தோஷம்தான்.


ஈரோடு_மஞ்சள்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த அக்காவுக்கு வீக்கம் வற்றிவிட்டது, நகம் நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரை பற்றியும் மாத்திரை பற்றியும் கேட்பதற்கு ஒரு சின்ன நோட்டுப் போட்டிருக்கிறேன். நிப்பரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்.

புது முறையில் ஆறு பேருக்குச் செய்தேன். இரண்டிரண்டு விரலாக, டைமர் வைத்து. முதலில் ரொம்ப நேரம் ஆகும் என்று பயந்தேன், உண்மையில் பழையதைவிடப் பத்து நிமிஷம்தான் கூடுதல். ஆய்வகத் தோழி சொன்ன அந்த வழவழப்பை இப்போதுதான் கவனிக்கிறேன், இத்தனை நாள் அதோடேயே எண்ணெய் தடவி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. பாலிஷ் ஆறாம் நாளும் உரியவில்லை என்று ஒருவர் போட்டோ அனுப்பினார்.

வர்ற முகூர்த்தத்துக்கு ஒரு மணப்பெண் வருகிறாள். மெனிக்யூர், மருதாணி, பாலிஷ் மூன்றும் வேண்டுமாம். எந்த வரிசையில் செய்வது? பெண் தினமும் துணி துவைக்கிறவள், க்யூட்டிகிள் நகத்தில் நன்றாக ஏறியிருக்கிறது.


மதுரை_மருதாணி:

மருதாணி என் தொழில், இதற்கு நான் சொல்கிறேன். அவளை இன்றிலிருந்தே தினமும் ராத்திரி க்ரீம் தடவச் சொல்லுங்கள், துணி துவைக்கும்போது கையுறை போடச் சொல்லுங்கள். அவ்வளவு ஏறியிருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்கப் பார்க்காதீர்கள். பத்து நாள் முன்னால் ரிமூவர் போட்டு ஒரு தடவை பாதி எடுத்துவிட்டு, மருதாணிக்கு இரண்டு நாள் முன்னால் மிச்சத்தை எடுங்கள். மருதாணி வைக்கும் அன்று ரிமூவர், ஸ்கிரப், எண்ணெய், க்ரீம் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் சிவக்காது, ரிமூவர் பட்ட இடம் எரியும், தோல் உரிந்திருந்தால் அங்கே மட்டும் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். மருதாணி வைத்த பிறகு ரிமூவரும் ஸ்கிரப்பும் பக்கத்திலேயே போகக் கூடாது, அது மேல்தோலைத்தானே எடுக்கிறது, நிறமும் அந்த மேல்தோலில்தான் இருக்கிறது.

நகத்தில் மருதாணி பட்டால் வளர்ந்து வெளியேறும் வரை போகாது. வேண்டாம் என்று பெண் நினைத்தால், மருதாணிக்கு முன்னால் நகத்துக்கு மட்டும் நிறமில்லாத பேஸ் கோட் ஒன்று போட்டுக் காயவிட்டு அனுப்புங்கள். கலர் பாலிஷ் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போடலாம்.

கடையில் விற்கும் கறுப்பு மருதாணி கோன் எதையாவது வாங்கிவந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள், அதில் தலைமுடிச் சாயத்தில் போடும் பொருளைக் கலக்கிறார்கள், கொப்புளம் வந்துவிடும். இலை அரைத்ததோ நல்ல பொடியில் குழைத்ததோ இருந்தால் போதும். வேண்டுமானால் சொல்லுங்கள், குழைக்கும் அளவை எழுதி அனுப்புகிறேன்.